அடுத்த பீஸ் எது? சர்ச் கீபோர்டிலிருந்து பியானோவுக்கு வருகிறவர்களுக்கு

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை எந்த ஸ்டாப்பில் இறங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிக்க ஒருவர் இருப்பார். வலது கையில் மெட்டு, இடது கையில் மூன்று சுரக் கார்டு, பாடுகிறவர்களுக்குச் சுருதி எட்டாவிட்டால் டிரான்ஸ்போஸ் பட்டன். நாலைந்து வருஷம் இப்படி ஓடிய பிறகு வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் பியானோ வருகிறது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பீத்தோவனின் ஃபர் எலிஸின் முதல் பக்கம் வரும், மூன்லைட் சொனாட்டாவில் இரண்டு வரி வரும், சினிமாப் பாட்டு ஒன்று பல்லவியோடு நிற்கும். எதுவும் முடிந்திருக்காது.

விரலில் குறை இருப்பதால் இப்படி ஆவதில்லை. உருப்படியைத் தேர்ந்தெடுத்த விதம்தான் தப்பு. (வகுப்பில் எல்லோரும் பீஸ் என்றுதான் சொல்கிறோம். பாட்டு வாத்தியார்கள் சொல்லும் உருப்படி என்ற சொல் இதற்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.) சர்ச்சில் வளர்ந்த வாசிப்பாளருக்குக் காதும் வலது கையும் ஒரு நிலையில் இருக்கும், நொட்டேஷன் படிக்கும் கண்ணும் இடது கையும் அதற்கு இரண்டு படி கீழே இருக்கும். காதுக்குப் பிடித்ததை எடுத்தால் கண் திணறும். கண்ணுக்கு ஏற்றதை எடுத்தால் காதுக்கு அலுப்புத் தட்டும். இந்த இடைவெளியை அடைக்கும் உருப்படிகளைத் தேடுவதுதான் இடைநிலையில் செய்ய வேண்டிய வேலை.

இடைநிலை என்று இங்கே சொல்வது, டிரினிட்டி அல்லது ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற இசைப் பரீட்சை வாரியங்களின் கணக்கில் ஏறக்குறைய 3 முதல் 5 வரையிலான கிரேடு. மூன்று ஷார்ப், மூன்று ஃபிளாட் வரை ஸ்கேல்கள் இரண்டு ஆக்டேவ் ஓடும், இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்யும், இரண்டு பக்க உருப்படி ஒன்று ஐந்தாறு வாரத்தில் முடியும் என்றால் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். பரீட்சை எழுதியிருக்க வேண்டும் என்றில்லை.

முதல் படி: கண்ணை அளந்து பார்ப்பது

பர்க்முல்லர் என்ற இசையமைப்பாளரின் ஓபஸ் 100-இல் (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) 25 சின்ன எட்யூடுகள், அதாவது பயிற்சி உருப்படிகள், இருக்கின்றன. அதில் முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். சி மேஜர், நாலு கால் தாளம். யூடியூபில் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 60-இல் வைத்து, முதல் எட்டு பாரை (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் இருப்பது ஒரு பார்) நிற்காமல் ஒரு தடவை வாசியுங்கள். தப்புச் சுரம் விழுந்தால் விழட்டும், தாளம் நிற்கக் கூடாது.

எங்கே நின்றீர்கள் என்று பென்சிலால் குறியுங்கள். இரண்டு இடத்துக்குள் என்றால் கண்ணும் கையும் பக்கத்தில் இருக்கின்றன, கீழே வரும் எதையும் தொடலாம். நாலைந்து இடத்தில் நின்றால், அதிலும் பேஸ் கிளெஃப்பில் (இடது கைக்கான கீழ் வரிசையில்) நின்றால், வலது கை கிரேடு 5 வாசித்தாலும் நீங்கள் எடுக்க வேண்டியது கிரேடு 3 உருப்படி. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் அங்கே தங்க வேண்டி வராது, காது ஏற்கெனவே முன்னால் இருப்பதால்.

டானிக் சோல்ஃபா (டோ, ரே, மீ என்று எழுத்தில் சுரம் எழுதும் முறை) படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். டோ எந்தச் சுருதியிலும் உட்காரும் என்பதால் ஒரு சுரம் ஸ்கேலில் என்ன வேலை செய்கிறது என்பது அவர்களுக்கு உடனே தெரியும். ஆனால் இந்தக் கோட்டில் இருக்கும் புள்ளி இந்தக் கட்டை என்ற நேர்த் தொடர்பு உருவாகியிருக்காது. டெனர், பேஸ் பாடியவர்களுக்கு நான்கு குரல் இணைவது காதிலேயே இருக்கிறது. அதை வீணாக்காமல் தொடங்க ஒரு வழி, ஷூமனின் ஓபஸ் 68-இல் நாலாவதாக வரும் கோரல். ஜி மேஜரில் நான்கு குரலில் எழுதப்பட்ட ஞானப்பாட்டு அது. முதல் நாள் மேல் குரலையும் அடிக்குரலையும் மட்டும் வாசியுங்கள், பிறகு நடுவில் இருக்கும் ஆல்ட்டோவைச் சேருங்கள், கடைசியில் டெனர். அடிக்குரலை வாய்விட்டுப் பாடிக்கொண்டே மேல் குரலை வாசிக்க முடிந்தால் பேஸ் கிளெஃப் பாதி வசமாகிவிட்டது. சைகோவ்ஸ்கியின் ஓபஸ் 39-இல் முதலாவதாக வரும் காலை ஜெபமும் இதே வகை, அதுவும் ஜி மேஜர்தான், கொஞ்சம் நெருக்கமான கார்டுகள்.

டிரான்ஸ்போஸ் பட்டனை வீட்டில் தொடவே வேண்டாம். "சி-யில வாசி மக்கா, சுருதிய நான் மாத்திக்கிடுதேன்" என்று கொயர் மாஸ்டர் சொல்வது ஆராதனைக்குச் சரி. அப்படியே பழகிய கைக்கு டி மேஜரில் பெருவிரல் எந்த இடத்தில் அடியில் போக வேண்டும் என்பது தெரியாமலே போய்விடும். அதனால் முதல் ஆறு மாதம் சி மேஜர் உருப்படிகள் மூன்றில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. ஜி, எஃப், டி, பி ஃபிளாட், ஏ மைனர், டி மைனர், ஜி மைனர் என்று மாறி மாறி எடுங்கள்.

இரண்டாவது படி: வாசிக்கிற பெட்டி என்ன?

வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு என்றால் பட்டியல் சுருங்கும். நடு சி-யிலிருந்து கீழே இரண்டு ஆக்டேவ், மேலே மூன்று ஆக்டேவ், அவ்வளவுதான் இடம். பாக் எழுதியது பெரும்பாலும் இதற்குள் அடங்கும். அவருடைய வெல் டெம்பர்ட் கிளேவியர் தொகுப்பின் முதல் சி மேஜர் பிரெலூடில் (பிரெலூட் என்பது சின்னத் தனி உருப்படி) கடைசி பார்களின் அடிச் சுரம் அந்தக் கீபோர்டின் கடைசிக் கட்டையேதான். ஷோபானின் சி மைனர் பிரெலூட், ஓபஸ் 28-இல் 20-ஆவது, 13 பார்தான், பார்க்க எளிது. ஆனால் இடது கை ஆக்டேவ்கள் இறங்கிப் போகும்போது கீபோர்டு தீர்ந்துவிடும். ஒரு ஆக்டேவ் ஏற்றி வாசித்தால் அந்த உருப்படியின் கனமே போய்விடுகிறது. அதை 88 கட்டை வரும் வரை தள்ளி வையுங்கள்.

நீளத்தைவிட முக்கியம் கட்டையின் எடை. ஸ்பிரிங் கட்டையில் மெல்ல அழுத்துவதற்கும் ஓங்கி அழுத்துவதற்கும் வித்தியாசம் குறைவு. ஆகவே மெட்டைப் பாட வைத்துத் துணைச் சுரங்களை அடக்கி வாசிக்க வேண்டிய உருப்படிகளை (ஷோபான், சாட்டி, கிரீக்) அதில் பழகினால், பிறகு நிஜப் பியானோவில் எல்லாம் ஒரே சத்தமாக விழும். ஸ்பிரிங் கட்டைக்கு பாக், கிளெமென்டி, பர்க்முல்லரின் விரைவான எட்யூடுகள் போதும். டச் ரெஸ்பான்ஸ் (அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறுவது) என்ற அமைப்பு அணைந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். சர்ச் கீபோர்டுகளில் யாராவது அணைத்து வைத்திருப்பார்கள்.

பெடல் தேவைப்படும் உருப்படி எடுப்பதற்கு முன் பெடல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். பல கீபோர்டுகளில் பெடலை மிதித்தபடியே ஸ்விட்சைப் போட்டால் அது தலைகீழாக இயங்கும்: மிதித்தால் சத்தம் நிற்கும், எடுத்தால் நீளும். அணைத்து, காலை எடுத்துவிட்டு, மறுபடி போட்டால் சரியாகிவிடும்.

பழைய மரப் பியானோ இருக்கும் வீடுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இடவப்பாதியிலும் (ஜூனில் தொடங்கும் மழை) துலா மழையிலும் (ஐப்பசி மழை) மரம் ஈரம் குடித்து ஊதும். கட்டை இறங்கினால் ஏற நேரமாகும். அந்த மாதங்களில் ஒரே சுரம் விரைவாகத் திரும்பத் திரும்ப வரும் உருப்படிகளை எடுத்தால், தப்பு உங்களுடையதா பியானோவுடையதா என்று தெரியாமல் தவிப்பீர்கள். மழைக்கு மெதுவான உருப்படிகளே நல்லது.

மூன்றாவது படி: எட்டு பார் சோதனை

இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதியில் நிற்கும் உருப்படிகள் பெரும்பாலும் இல்லாமல் போகும்.

நொட்டேஷனைக் கையில் எடுத்ததும் முதல் வரியைப் பார்க்க வேண்டாம். பக்கங்களைப் புரட்டி மிகவும் கறுத்த இடத்தைத் தேடுங்கள். இரண்டு கோடு, மூன்று கோடு போட்ட சுரங்கள் நெருங்கிக் கிடக்கும் இடம், திடீரென்று ஷார்ப்பும் ஃபிளாட்டும் குவியும் இடம், இடது கை ஒரு ஆக்டேவுக்கு மேல் தாவும் இடம். அங்கே எட்டு பாரைக் குறியுங்கள். மூன்று நாள், நாளுக்கு 15 நிமிஷம், அந்த எட்டு பார் மட்டும். முதல் நாள் தனித்தனிக் கை, பாதி வேகம். இரண்டாம் நாளும் அதே, ஆனால் அச்சிட்ட விரல் எண்களோடு. மூன்றாம் நாள் இரண்டு கையும் சேர்த்து, மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்.

மூன்றாம் நாள் முடிவில் அந்த மெதுவான வேகத்தில் இரண்டு தடவை தொடர்ந்து தப்பில்லாமல் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வரவில்லையென்றால் தேதி போட்டுப் பெட்டியில் வைத்துவிடுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். ஏன் இவ்வளவு கறார் என்றால், உருப்படி ஓடும் வேகத்தை அதன் கஷ்டமான இடம்தான் தீர்மானிக்கிறது. எளிதான பக்கத்தை விருப்பமான வேகத்தில் பழகிவிட்டால் கஷ்டமான பக்கம் வரும்போது கை அந்த வேகத்தையே கேட்கும், தட்டி விழும். பிறகு நாம் முதல் பக்கத்துக்கே திரும்பிப் போய்விடுவோம்.

ஃபர் எலிஸ் இதற்கு நேர் உதாரணம். முதல் 22 பார் இரண்டு கைக்கும் பகிர்ந்து போகும், ஒரு வாரத்தில் வந்துவிடும். அடுத்து எஃப் மேஜர் பகுதி தொடங்கியதும் 32-ஆம் பங்கு சுரங்கள் வருகின்றன. பிறகு இடது கையில் ஒரே சுரம் துடித்துக்கொண்டிருக்க மேலே கனத்த கார்டுகள் வரும் இன்னொரு பகுதி. அந்த இரண்டையும் முதலில் சோதித்தவர்கள்தான் உருப்படியை முடிக்கிறார்கள்.

மூன்லைட்டின் முதல் பகுதி வேறு விதமான ஏமாற்று. மெதுவாகப் போவதால் எளிது என்று தோன்றும். நான்கு ஷார்ப், இடது கை நெடுக ஆக்டேவ், வலது கையில் ஒரே நேரத்தில் மூன்று சுர அலையும் மேலே சுண்டுவிரலில் மெட்டும். அலை அடங்கி மெட்டு மட்டும் கேட்க வேண்டும். சுண்டுவிரலுக்கு அந்தப் பலம் கிரேடு 5-இல் அரிது. சாட்டியின் முதல் ஜிம்னோபெடி (1888) அப்படியில்லை, வேகமும் மெது, சுரமும் எளிது. ஆனால் இடது கை ஒவ்வொரு பாரிலும் அடிச் சுரத்தைத் தொட்டு மேலே கார்டுக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலைக் கண்ணை மூடி 20 தடவை செய்து, 16 தடவையாவது சரியாக விழுந்தால் எடுங்கள்.

மொஸார்ட்டின் கே. 545 சொனாட்டா (கே. என்பது அவர் படைப்புகளின் பட்டியல் எண்), 1788-இல் எழுதியது, புதியவர்களுக்கு என்று அவரே குறித்து வைத்தது. அதை நம்பிப் பலர் எடுக்கிறார்கள். ஐந்தாம் பாரிலிருந்து வரும் ஸ்கேல் ஓட்டத்தில் ஒரு விரல் பலவீனமாக இருந்தாலும் கேட்கிறவர்களுக்கு அப்பட்டமாகத் தெரிந்துவிடும். சுரம் குறைவாக இருக்கும் இடத்தில் ஒளிய இடம் கிடையாது. கிளெமென்டிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கை சின்னது என்றால் இந்தச் சோதனையோடு இன்னொன்றையும் சேருங்கள். பியானோவில் ஒரு ஆக்டேவ் சுமார் 16.5 செ.மீ. பெருவிரலும் சுண்டுவிரலும் கட்டையின் ஓரத்தில் மட்டுமே எட்டுகிறது என்றால், ஆக்டேவுக்கு நடுவிலும் சுரம் நிரம்பிய கார்டுகள் தொடர்ந்து வரும் உருப்படி வேண்டாம், மணிக்கட்டு வலிக்கும். எப்போதாவது ஒன்று வந்தால் கீழிருந்து மேலாக உடைத்து வாசிக்கலாம். ஷோபானின் ஏ மேஜர் பிரெலூட் (ஓபஸ் 28, 7-ஆவது) 16 பாரில் முடிந்துவிடும் அருமையான உருப்படி. அதில் 12-ஆவது பாரின் பெரிய கார்டு ஒன்றுக்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை, உடைத்து வாசித்தாலும் நன்றாகவே இருக்கும்.

நான்காவது படி: ஒரே நேரத்தில் எவையெவை?

ஒரு சமயத்தில் மூன்று உருப்படிக்கு மேல் வேண்டாம். மூன்றும் வெவ்வேறு வேலை வாங்க வேண்டும்.

சர்ச் வாசிப்பாளருக்கு முதல் தேவை இடது கையை எழுப்புவது. இதற்கு ஷூமனின் ஓபஸ் 68-ஐ (1848, 43 உருப்படிகள்) விட நல்ல தொடக்கம் தெரியவில்லை. பத்தாவதாக வரும் உற்சாகமான உழவனில் மெட்டு முழுக்க இடது கையில், வலது கை கார்டு போடும். இத்தனை வருஷமாகச் செய்தது அப்படியே தலைகீழாகிறது, சிரிப்பு வரும் அளவுக்குத் தடுமாறுவீர்கள். எட்டாவதான முரட்டுக் குதிரைக்காரனில் மெட்டு வலது கையில் தொடங்கி இடது கைக்குப் போய் மறுபடி திரும்பும். பர்க்முல்லரில் இரண்டாவதான அராபெஸ்க், வலது கையில் வந்த ஓட்டத்தை நடுவில் இடது கையிடம் கொடுக்கிறது. பல பதிப்புகளில் 152 என்று வேகம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம், 112-இல் தெளிவாக வந்தாலே போதும், துள்ளல் குறையாது. 15-ஆவதான பல்லாட் சி மைனரில் இடது கை ஓட்டம், கொஞ்சம் பேய்க் கதை மாதிரி. பையன்களுக்குப் பிடிக்கும்.

அடுத்தது பாக். பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் நோட்டுப் புத்தகத்தில் உள்ள ஜி மேஜர் மினுவெட்டை எல்லோரும் வாசித்திருப்பார்கள். அது பாக் எழுதியதல்ல, கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் எழுதியது. அதே புத்தகத்தின் ஜி மைனர் மினுவெட், டி மேஜர் முசெட், அதற்குப் பிறகு சின்ன பிரெலூடுகள், அப்புறம் இரண்டு குரல் இன்வென்ஷன்கள். இன்வென்ஷன் மொத்தம் 15. வரிசை எண்படி போகக் கூடாது, இரண்டாவதான சி மைனர் அடுத்து வரும் பலவற்றைவிடக் கஷ்டம். முதலாவது (சி மேஜர், 22 பார்), பிறகு 13-ஆவது (ஏ மைனர், 25 பார்), 8-ஆவது (எஃப் மேஜர்), 4-ஆவது (டி மைனர்) என்று போகலாம். 4-ஆவதில் ஒரு கை நீண்ட டிரில் (பக்கத்துப் பக்கத்துச் சுரம் இரண்டை விரைவாக மாற்றி மாற்றி வாசிப்பது) போட மற்றக் கை ஓடும். முதல் மாதம் டிரில் இல்லாமல் அந்தச் சுரத்தை அழுத்திப் பிடித்தே பழகுங்கள், டிரில் கடைசியில் ஒட்டினால் போதும். இரண்டு குரலும் தெளிவாகவும் பாடுவது போலவும் வாசிக்கக் கற்பதற்காக என்று பாக் 1723-இல் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். இடது கையைத் தனியாக வாசித்தால் அதுவே ஒரு பாட்டாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் இரண்டு கையைச் சேர்க்கும் நேரம் இன்னும் வரவில்லை.

பாக்கின் இடத்தில் ஸ்கேலும் விரல் சமநிலையும் வேண்டுமென்றால் கிளெமென்டியின் ஓபஸ் 36, ஆறு சொனாட்டினாக்கள் (சின்ன சொனாட்டாக்கள்). முதலாவதன் முதல் பகுதி 38 பார்தான். பாதியில் சி மைனருக்கு மாறும்போது ஃபிளாட்டுகள் வரும், எட்டு பார் சோதனையை அங்கே வையுங்கள். குலாவின் ஓபஸ் 55-இல் முதலாவது அதற்கு அடுத்த படி. அங்கிருந்து பீத்தோவனின் ஓபஸ் 49-இல் இரண்டாவது சொனாட்டா, ஜி மேஜர். இரண்டே பகுதி, நிஜ சொனாட்டா வாசித்த திருப்தி கிடைக்கும்.

மூன்றாவது இடம் தொனிக்கும் பெடலுக்கும். கிரீக்கின் ஓபஸ் 12-இல் (1867) அரியெட்டாவும் ஏ மைனர் வால்ஸும். ஷோபானின் இ மைனர் பிரெலூட், 25 பார், இடது கைக் கார்டுகள் ஒவ்வொரு சுரமாக நழுவி இறங்கும். பெடலைத் தாளத்துக்கு மிதிக்காமல் கார்டு மாறும் இடத்தில் மாற்றிப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்கள் பார்ட்டோக்கை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மைக்ரோகாஸ்மோஸ் ஆறு தொகுதி, 153 உருப்படி. இடைநிலைக்கு மூன்றும் நான்கும். நான்காவதில் பல்கேரியத் தாளம் என்று ஏழும் ஐந்துமாக வரும் உருப்படிகள் இருக்கின்றன. மிஸ்ர சாபும் கண்ட சாபும் காதில் இருந்தால், மற்றவர்கள் விரல் விட்டு எண்ணும் இடத்தில் நீங்கள் எண்ணாமலே போய்விடலாம்.

சினிமாப் பாட்டு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கட்டைகள் மேலிருந்து விழும் வீடியோவைப் பார்த்துக் கற்காதீர்கள். அதில் விரல் எண் கிடையாது, எந்தக் கை என்பதே சில இடத்தில் குழம்பும். நடுவில் மறந்தால் நடுவிலிருந்து தொடங்கவும் முடியாது, கை அசைவு மட்டும்தானே ஞாபகத்தில் இருக்கிறது. மெட்டு தெரிந்த பாட்டுக்கு இடது கையை நீங்களே போடுங்கள்: அடிச் சுரம், அதன் ஐந்தாவது, மேலே அடுத்த ஆக்டேவில் மூன்றாவது என்று உடைத்து. கார்டு உங்களுக்குத்தான் தெரியுமே.

ஐந்தாவது படி: எந்தப் பதிப்பு?

இங்கே பலர் சறுக்குகிறார்கள். "ஈசி வெர்ஷன்" என்று கிடைப்பதில் சுருதி மாறியிருக்கும், இடது கை பாதியாகியிருக்கும், அதைப் பழகிவிட்டு மூலத்துக்கு வரும்போது பழகியதை மறக்கவே இரண்டு மாதம் ஆகும். எளிதாக்கிய பெரிய உருப்படியைவிட, எளிதாகவே எழுதப்பட்ட சின்ன உருப்படி எப்போதும் மேல்.

தரவிறக்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: ஓபஸ் எண், கீ சிக்னேச்சர், மொத்த பார். பாக்கின் சி மேஜர் பிரெலூட் 35 பார். சில பழைய பதிப்புகளில் 36 இருக்கும், 22-க்கும் 23-க்கும் நடுவில் ஷ்வென்கே என்பவர் பெயரில் ஒரு பார் கூடுதலாக நுழைந்தது. அதை அழித்துவிட்டு வாசியுங்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பாக் பதிப்புகளில் வளைகோடுகளும் மெல்ல, ஓங்கி என்ற குறிகளும் நிரம்பிக் கிடக்கும், அநேகமாக எல்லாமே பதிப்பாசிரியர் சேர்த்தவை. விரல் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற நொட்டேஷன் நூலகத் தளத்தில் காப்புரிமை முடிந்தவை இலவசம். இந்தியாவில் இசையமைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்ததிலிருந்து 60 ஆண்டு கணக்கு. 1945-இல் இறந்த பார்ட்டோக் இங்கே அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டார், 1987-இல் இறந்த கபலெவ்ஸ்கியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பிரிண்ட் எடுக்கும்போது ஒரு பக்க அச்சு கேளுங்கள். ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமாக அடித்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தால் நடு உருப்படியில் பக்கம் திருப்பக் கை இருக்காது. மூன்று தாளைப் பக்கவாட்டில் செலோ டேப்பால் ஒட்டி மடித்து வைத்தால் ஸ்டாண்டில் விரித்துக்கொள்ளலாம். ஃபேன் காற்றுக்கு இரண்டு துணிக் கிளிப்.

ஆறாவது படி: நேரமும் நிறுத்தும் இடமும்

நாளுக்கு 45 நிமிஷம் என்றால், முதல் 10 புதிதாகப் படிப்பது, அடுத்த 20 பெரிய உருப்படி, 10 இரண்டாவது, கடைசி 5 பழையதில் ஒன்று. மூன்றாவது உருப்படியை ஒன்று விட்டு ஒரு நாள் இரண்டாவதன் இடத்தில் வைக்கலாம். புதிதாகப் படிப்பது உங்கள் நிலைக்கு இரண்டு கிரேடு கீழே இருக்க வேண்டும், வாரத்துக்கு ஒன்று. வருஷத்தில் 40 சின்ன உருப்படி தாண்டினால் முதல் படியில் சொன்ன இடைவெளி தானாகவே சுருங்கும். பெரிய உருப்படிகளைத் தேய்ப்பதால் அது நடப்பதில்லை. பரீட்சை வாரியங்களின் பாடத்திட்டப் பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, பழைய ஆண்டுகளுடையவற்றைச் சேர்த்தால் தரம் பிரித்த பட்டியல் ஒன்று கையில் வந்துவிடும். பரீட்சைக்குப் போகிறவர்கள் அந்த சில உருப்படிகளையே வருஷம் முழுக்க அரைப்பதுதான் இந்தப் பக்கத்துப் பெரிய நோய். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.-இல் 6-ஆம் கிரேடுக்கு முன் 5-ஆம் கிரேடு தியரியோ அதற்கு ஈடாக ஏற்கப்படும் பரீட்சையோ முடித்திருக்க வேண்டும் என்பதையும் கடைசி நேரத்தில் ஞாபகம் வைக்காதீர்கள்.

வேகம்: வாசிக்க நினைக்கும் வேகத்தில் பாதியில் தொடங்கி, மூன்று தடவை சுத்தமாக வந்தால் மெட்ரோனோமை 4 ஏற்றுங்கள். மூன்று வாரம் கழித்தும் 60 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் உருப்படி பெரிது. வெட்கப்படாமல் இறக்கி வையுங்கள்.

நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நவம்பர் பாதியிலிருந்து கேரல் ஒத்திகை, டிசம்பர் முழுக்க ராத்திரி ரவுண்ட்ஸ், அந்த ஆறு வாரம் இன்வென்ஷன் எதுவும் நகராது. பெரிய உருப்படியை ஜனவரியில் தொடங்கி ஈஸ்டருக்கு முன் முடியுங்கள், இன்னொன்றை ஜூன் மழையோடு தொடங்குங்கள். கேரல் நாட்களில் ஒரு பக்க உருப்படி ஒன்றை மட்டும் ஸ்டாண்டில் விட்டு வைத்தால் போதும். ஷூமனின் முதல் மெலடி அல்லது சைகோவ்ஸ்கியின் பழைய பிரெஞ்சுப் பாட்டு. ராத்திரி பதினோரு மணிக்கு வீடு திரும்பினாலும் ஹெட்ஃபோனில் இரண்டு தடவை வாசித்துவிட்டுப் படுக்கலாம்.